பனியும் ராபினும் அடம்புக் கொடியும்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கழிந்துவிட்டால், தபால்காரர் பங்கு இல்லத்துக்கு நாள்தோறும் வந்த காலம் ஒன்று உண்டு. உறையின் வாயை ஒட்டாமல் உள்ளே மடித்து, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, குறைந்த மதிப்புள்ள தபால்தலையோடு வந்து சேரும் வாழ்த்து அட்டைகளைச் சணல் நூலில் வரிசையாகத் தொங்கவிட்டுச் சன்னலுக்குச் சன்னல் தோரணம் கட்டுவோம். குடிலில் குழந்தை இயேசுவைக் கிடத்துவதற்கு முன்பே விழாவை வீட்டுக்குள் அழைத்து வந்தவை அந்த அட்டைகள்தாம்.

அந்தத் தோரணத்தின் கீழ் அமர்ந்து மறையுரை எழுதிய நாள்களில் ஒரு வேடிக்கை நம் கண்ணில் பட்டது. தலைக்கு மேலே பனி மூடிய கூரைகள், ஊசியிலை மரங்கள், முள் விளிம்பு கொண்ட இலைகளுக்கிடையே செங்கனி தொங்கும் ஹாலிச் செடி, மார்பு சிவந்த ராபின் குருவி. சன்னலுக்கு வெளியே துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி நின்ற சரக்கு லாரிகள், கருவாட்டு மணம், பெருக்கப் பெருக்க வாசற்படியில் படிந்த நிலக்கரித் தூசு. (2011இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அதற்கு முன்பு இப்பகுதியில் வெள்ளை அங்கி உடுத்திய குருக்களைக் கேட்டால் அந்தத் தூசின் குணம் தெரியும்.) மேலே தொங்கிய செடிகளுள் ஒன்றுகூட, பறவைகளுள் ஒன்றுகூட, இராயபுரம் முதல் எண்ணூர் வரை எங்கும் காணக்கிடைக்காது.

கிறிஸ்து பிறப்பை வாழ்த்த நமக்கு ஏன் இன்னொருவர் தோட்டம் தேவைப்பட்டது? இக்கேள்விக்கு விடை தேடப் போனபோதுதான் வாழ்த்து அட்டையின் வரலாறு நம்மை உள்ளே இழுத்துக்கொண்டது.

இலண்டனில் ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர் ஒருவர் இருந்தார். ஒரு பென்னி கட்டணத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்ற சீர்திருத்தம் பிரிட்டனில் 1840இல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். தபால் மலிந்தது, கடிதங்கள் பெருகின. ஆண்டு இறுதியில் நண்பர்கள் அனைவருக்கும் தனித்தனியே மடல் எழுத அவருக்கே நேரம் இல்லாமற் போயிற்று. தாம் மூட்டிய அடுப்பின் சூடு தம்மையே தாக்கியது எனலாம். 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டை வரையச் செய்தார். ஏறத்தாழ ஆயிரம் படிகள் கல்லச்சில் அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டப்பெற்று, ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கும் வந்தன. இயந்திர யுகத்தின் குழந்தையாகிய வாழ்த்து அட்டை, பாதி கைவேலையாகவே பிறந்தது என்பது கருதத்தக்கது.

அந்த முதல் அட்டையின் நடுவில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்து திராட்சை இரசக் கிண்ணத்தை உயர்த்துகிறது. ஒரு குழந்தைக்கும் மது பருகக் கொடுக்கிறார்கள். அதைக் கண்டு மதுவிலக்குக் கொள்கையினர் சினந்தனர். அந்தச் சச்சரவில் பலர் காணத் தவறியவை இரு ஓரங்களிலும் உள்ள சிறு படங்கள். ஒன்றில் பசித்தோருக்கு உணவு வழங்கப்படுகிறது. மற்றொன்றில் ஆடையற்றோருக்கு ஆடை உடுத்தப்படுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அட்டையில் பனி இல்லை, ராபின் இல்லை, குடிலும் இல்லை. பசித்தவன் இருந்தான்.

பிறகு இயற்கை வந்தது. 1870இல் அட்டைகளுக்கும் வாய் ஒட்டாத உறைகளுக்கும் அரை பென்னி போதும் என்றானபோது ஏழை வீடுகளும் வாழ்த்து அனுப்பத் தொடங்கின. அக்காலத்து ஆங்கிலத் தபால்காரர்கள் சிவப்புச் சட்டை அணிந்தவர்கள். ஆகவே மக்கள் அவர்களை ‘ராபின்’ என்று செல்லமாக அழைத்தார்கள். அலகில் கடிதத்தைக் கவ்விய ராபின் அட்டைகளில் பறக்கத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் எளியது. பல பறவைகள் குளிர்காலத்தில் தெற்கே போய்விட, ராபின் போகாமல் தங்கி, இலை உதிர்ந்த தோட்டத்தில் பாடிக்கொண்டிருக்கும். மண் கொத்துபவரின் பக்கத்தில் வந்து புழு பொறுக்கும். அது கற்பனைப் பறவை அன்று. அட்டை எழுதியவர் கொல்லையில் அன்று காலை வந்து உட்கார்ந்த பறவை. ஹாலியும் அப்படியே. எல்லாம் காய்ந்துகிடக்கும் டிசம்பரில் பச்சையாக நிற்பவற்றுள் அதுவும் ஒன்று என்பதால் அதை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு செய்தி நம்மை வெகுநாள் யோசிக்க வைத்தது. 1880களில் இங்கிலாந்தில் செத்துக் கிடக்கும் ராபின் படத்தோடு வாழ்த்து அட்டைகள் விற்றன. பனியின்மேல் கால்களை மேலே தூக்கியபடி ஒரு சிறு குருவி கிடக்கும். கீழே மகிழ்ச்சியான வாழ்த்து இருக்கும். இன்று பார்ப்பவர்கள் இதை விபரீதம் என்று சிரிக்கிறார்கள். குளிரில் கேட்பாரற்று மடிந்த ஏழைகளையும் அனாதைக் குழந்தைகளையும் நினைவூட்டவே அப்படம் இடப்பட்டது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. நமக்கு அக்கருத்து ஏற்புடையதாகவே தோன்றுகிறது. கொல்லையில் வந்து பாடிய பறவையை அட்டையில் வைத்தவர்கள், அதே கொல்லையில் அது விறைத்துக் கிடந்ததையும் மறைக்கவில்லை.

அமெரிக்காவில் லூயி பிராங் என்பவர் இக்கலையை இன்னும் உயர்த்தினார். ஜெர்மானிய நிலத்திலிருந்து போஸ்டன் நகருக்குக் குடியேறிய இவர், 1870களின் நடுவில் வெளியிட்ட அட்டைகளில் பெரும்பாலும் பூக்களையே வைத்தார். ஓர் அட்டைக்கு எட்டு முதல் இருபது கற்கள் வரை பயன்படுத்தி நிறத்தின்மேல் நிறமாக அச்சிட்டார்; பெண் ஓவியர்கள் பலருக்கு வேலை கொடுத்தார். ஐரோப்பாவிலிருந்து மலிவான அட்டைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, தரத்தைக் குறைத்துப் போட்டியிட மனமின்றி அத்தொழிலையே விட்டுவிட்டார். இதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமில் ஒரு கைத்தொழில் வளர்ந்தது. புனித நாட்டின் வயல் மலர்களைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, ஒலிவ மரப் பலகையை மேலுறையாக இட்டுத் திருப்பயணிகளுக்கு விற்றார்கள். அச்சடித்த பூ அன்று, ஆண்டவர் நடந்த மண்ணில் பூத்த பூ. உலர்மலர் அட்டை என்று இன்று நாம் அறிந்ததற்கு அவற்றை மூதாதை எனலாம்.

நிற்க. இந்த அட்டைகள் நம் கரைக்கு எப்படி வந்தன? ஹார்ஸ்லி தம் அட்டையை வரைந்த காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, ஆணி அறையாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் தபால் மூட்டைகளையும் அலையைக் கடந்து கரைசேர்த்தன. படகு இறங்க முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர்கள் போவார்கள்; கடிதத்தைக் கூம்பு வடிவத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நீரில் விழுந்து எழுந்தாலும் அது நனையாமல் கொண்டுசேர்ப்பார்கள் என்று அக்காலப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். இரும்புத் துறைமேடை வந்தது 1861இல்தான். துறைமுகத்துக்காகக் கட்டிய கடற்சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. அதுவரைக்கும், அதன் பிறகும் வெகுகாலம், வெளிநாட்டுச் செய்திகள் நம் மக்களின் தலைமீதும் தோள்மீதும்தான் வந்தன. இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயத்தை 1829இல் எழுப்பிய குருகுல வம்சத்தார் இந்தப் படகுத் தொழிலைச் செய்தவர்களே. பனியும் ராபினும் வரைந்த அட்டைகளை நனையாமல் சுமந்து வந்தவர்கள், தங்கள் கரையில் பூத்ததை அட்டையில் வைக்க யாரும் கேட்டதில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் அட்டைகள் இங்கேயே அச்சாயின. சிவகாசியில் அச்சாகி, ஆண்டர்சன் தெருக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்ற அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாடு விளங்கியிருக்கும். பொங்கல் வாழ்த்தில் கரும்பு இருந்தது, காளை இருந்தது, மஞ்சள் குலை இருந்தது, மருதநிலமே இருந்தது. அதே அச்சகத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் பனிதான் இருந்தது. மண்ணோடு ஒட்டிய விழாவுக்கு மண்ணின் படம். நம் விழாவுக்கு மட்டும் இறக்குமதிப் படம். இதற்கு அச்சகத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. கேட்டவர்கள் நாம்.

நம்முள் சிலர் வேறுவிதமாக எண்ணினார்கள். தஞ்சாவூரில் 1892இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் செல்லத்துரை குமரப்பா அவர்களுள் முதன்மையானவர். 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்த இந்தப் பொருளியல் அறிஞர், நசிந்துபோன கைக்காகிதத் தொழிலுக்கு மீண்டும் உயிரூட்டினார். கந்தலும் நாரும் கூழாகி, சல்லடைச் சட்டத்தில் அள்ளப்பட்டு, வெயிலில் உலர்ந்து தாளாகும் வேலை அது. இயற்கை தருவதை அது மீண்டும் தரக்கூடிய அளவுக்கே எடுத்துக்கொள்ளும் வாழ்க்கையை அவர் நிலைத்த பொருளாதாரம் என்றார். பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959இல் தொடங்கிய கைக்காகித ஆலையிலிருந்து பூவும் இலையும் பதித்த தாள்கள் பின்னாளில் உலகெங்கும் சென்றன. வங்கதேசத்தில் குளங்களை அடைக்கும் ஆகாயத்தாமரையின் தண்டைக் கூழாக்கி வாழ்த்து அட்டை செய்யும் கிராமப் பெண்கள் இருக்கிறார்கள்.

குருமடத்தில் நாம் கற்றது அரச இலை வேலை. முற்றிய இலைகளைப் பானை நீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிட வேண்டும். சதை அழுகிக் கழன்றதும் மெல்லிய தூரிகையால் நீவினால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அதைக் காயவைத்து, அதன்மேல் மரியன்னையையோ இடையரையோ தீட்டுவோம். அழகு என்னவோ சொல்லி முடியாதது. அந்தப் பானையின் நாற்றமும் அப்படியே. எங்கள் விடுதி வராந்தாவில் யாரும் நடமாட விரும்பாத மூலை ஒன்று அந்த ஆண்டு உருவாயிற்று.

திருப்பட்டம் பெற்றுத் திருவொற்றியூரை அடுத்த ஒரு கடற்கரைப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது அந்தப் பழைய பயிற்சி நினைவுக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாது. நவம்பர், டிசம்பரில் குப்பத்து வீடுகளில் கையில் காசு புழங்காது. பாலர் சபைப் பிள்ளைகளுக்கு வெளியூர் உறவினர்க்கு அட்டை அனுப்ப ஆசை. வாங்க வழி இல்லை. சரி, செய்வோம் என்றோம். ஆண்டர்சன் தெருவில் திருமண அழைப்பிதழ் வெட்டியதில் மிஞ்சும் கனத்த தாள் துண்டுகள் எடைக்குக் கிடைத்தன. அதில் ஒட்ட என்ன இருக்கிறது என்று கேட்டபோது பிள்ளைகள் விழித்தார்கள். ஹாலிக்கு எங்கே போவது? கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினோம்.

வந்தவை நாம் எதிர்பாராதவை. மணலில் படரும் அடம்புக் கொடியின் இலை நுனியில் பிளந்திருக்கும். சங்கப் புலவர்கள் அதை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார்கள். நம் பிள்ளைகள் குடிலில் நிற்கும் மாட்டின் குளம்பு என்றார்கள். காய்ந்து காற்றில் உருண்டோடும் இராவணன் மீசையின் முள்பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டினால் கதிர் விரித்த விண்மீன். பெயர் இராவணனுடையது; வேலை பெத்லகேமில். (தபால் முத்திரை ஓங்கி இறங்கும்போது அந்த விண்மீன் பெரும்பாலும் நொறுங்கிப் போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) எண்ணூர்க் கழிமுகத்தில் வளரும் அலையாத்தி மரத்தின் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி வெண்மை. அடிப்புறம் மேலாக ஒட்டினால் புறாவின் சிறகு. கொடுவா மீனின் பெரிய செதில்களை நன்றாகக் கழுவி, உலர்த்தி, இதழ் இதழாக அடுக்கினால் சூசையப்பர் கையிலுள்ள லீலி மலர்.

முதல் ஆண்டு அத்தனையும் பாழாயிற்று. கடலோரச் செடிகளின் இலை தடித்தது. உப்பைத் தன்னுள் தேக்குவது. அலையாத்தி அந்த உப்பை இலையின்மேல் வெண்துகளாகப் பூக்கவிடும். அப்படியே செய்தித்தாளுக்கிடையே அழுத்தி வைத்ததில், உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, இலைகள் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டன. பங்கில் இருந்த வயதான புத்தகக் கட்டுநர் ஒருவர் வழி காட்டினார். இலையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முதல் ஐந்து நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். ஒட்டுவதற்கு மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் சேர்க்க வேண்டும், இல்லையேல் பூச்சி அரிக்கும். மயில்துத்தம் நஞ்சு ஆகையால் பசை காய்ச்சும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் அவரே செய்தார். மறு ஆண்டு அறுபது அட்டைகள் தேறின.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் ஓர் ஏழு வயதுச் சிறுமி, தன் ஊருக்கு வந்த உதவிக்கு நன்றியாக ஒரு படம் வரைந்தாள். தாள் இல்லாததால் கண்ணாடித் துண்டின்மேல் தீட்டினாள். கதிரவனின் கீழ்ப் பிள்ளைகள் ஆடும் அந்தப் படமே யுனிசெப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டையாக 1949இல் வெளிவந்தது. இல்லாமையிலிருந்து கையில் கிடைத்ததைக் கொண்டு செய்ததால்தானோ என்னவோ, அதன்பின் யுனிசெப் அட்டைகள் உலகம் முழுவதும் பரவின. நம் பிள்ளைகளிடம் இக்கதையைச் சொன்னபோது அவர்கள் வியக்கவில்லை. தாள் இல்லையென்றால் கிடைத்ததில்தானே வரைய வேண்டும் என்றார்கள்.

அட்டை செய்வதால் விளைந்தது அட்டை மட்டும் அன்று. எந்த இலை எங்கே கிடைக்கும், எந்தப் பறவை எப்போது வரும் என்று பிள்ளைகள் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு சிறுவன் ஆண்டுதோறும் கூழைக்கடாவையே வரைவான். பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வந்து மீன் பிடிக்கும் பெரிய பறவை அது. அதன் அலகுக்குக் கீழே தொங்கும் பையை அவன் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூட்டையாகவே கண்டான். அவனுக்கு நாம் நற்கருணைப் பேழைகளில் செதுக்கப்படும் பெலிக்கனைக் காட்டினோம். தன் மார்பைக் கிழித்து இரத்தத்தால் குஞ்சுகளை ஊட்டும் என்று இடைக்கால மக்கள் நம்பிய பறவை. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் நற்கருணைப் பாடலில் ஆண்டவரை அப்பெயரால் அழைத்தார். “இது நம்ம கூழைக்கடா தானே, ஃபாதர்?” என்றான் பையன். அதுதான். ஐரோப்பியப் பேராலயங்களின் பெலிக்கன் நம் கழிமுகத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. இறையியல் படித்த நமக்கு அதுவரை அது தோன்றியதில்லை.

ஆனால் இலை பொறுக்கும் இடம் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப் போயிற்று. வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் படகு விடவும் நாடிவந்த ஊராக ஒருகாலத்தில் இருந்த எண்ணூரில் 1970இல் அனல் மின்நிலையம் வந்தது. 1994இல் வடசென்னை அனல் மின்நிலையம், 2001இல் துறைமுகம். சாம்பற் சேறு கழிமுகத்தில் படிந்தது. அலையாத்தி நின்ற கரைகள் குறுகின. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கடியில் அடம்பு படர்ந்த மணல் போயிற்று. 2017 சனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, கரையெங்கும் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளினார்கள். இவற்றையெல்லாம் வரிசையாகச் சொன்னால் குற்றப்பத்திரிகை போலாகிவிடும். இந்த மின்சாரத்தில்தான் நம் குடில்களும் ஒளிர்ந்தன; நம் பங்கு மக்களுள் பலர் அந்த ஆலைகளில்தான் வேலை பார்த்தார்கள்.

2023 டிசம்பரில் நாம் மீண்டும் இப்பகுதியில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. வலையும் படகும் கறுத்தன. வீட்டுக்குள் புகுந்த நீர் வடிந்தபோது சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு நின்றது. மீனவர்களே படகில் போய்க் குவளையாலும் வெறுங்கையாலும் எண்ணெயை மொண்டார்கள். எண்ணெய் அப்பிய இறகோடு, பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன.

மூன்றாம் வாரம் பிள்ளைகள் வழக்கம்போல இலைகளோடு வந்தார்கள். அலையாத்தி இலைகளில் பாதி பச்சை, பாதி கறுப்பு. வெள்ளம் நின்ற மட்டம் அப்படியே இலையில் இருந்தது. துடைத்தால் துணி கறுத்தது, இலை வெளுக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் நமக்கு ஆத்திரமும் அருவருப்பும் ஒன்றாக வந்தன. அதையெல்லாம் தூக்கிப் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இந்த ஆண்டு அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, இளைஞர் ஒருவரிடம் பணம் கொடுத்து ஆண்டர்சன் தெருவுக்கு அனுப்பினோம். அவர் வாங்கி வந்தது பனியும் ராபினும்தான்.

அன்று மாலை, பிள்ளைகளை அழைத்துப்போக வந்த ஒரு தாய், மீன் விற்பவர், வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு வாரமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த கைகள்; நகக்கண்களில் கறுப்பு போகவில்லை.

“இலையத் தூக்கிப் போடச் சொல்லிட்டீங்களாமே ஃபாதர். போட்டுட்டோம். எங்க வூட்டுச் செவுரத் தூக்கி எங்க ஃபாதர் போடறது?”

நமக்கு மறுமொழி இல்லை. முதல் வாழ்த்து அட்டையில் பசித்தவன் இருந்ததையும், செத்த ராபின் இருந்ததையும் பிறருக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. நம் கொல்லையில் கறுத்த இலை வந்தபோது கடைக்குத்தான் ஆள் அனுப்பினோம்.

மறுநாள் பிள்ளைகள் நம்மைக் கேளாமலே பதினோரு அட்டைகள் செய்து கொண்டுவந்தார்கள். கறை வெளியே ஒட்டாதிருக்க இலையின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டியிருந்தார்கள். கீழே வழக்கமான வாழ்த்து, வழக்கமான எழுத்துப் பிழையோடு. பங்குப் பேரவையைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. “ஆண்டவர் பிறந்தநாளுக்கு அழுக்கையா சாமி அனுப்புறது?” என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. விழா நாளில் அழகைத் தேடுவது ஏழையின் உரிமை. மாட்டுத் தொழுவம் எப்படி மணக்கும் என்று கன்னியாகுமரியிலிருந்து வந்த நம் சமையற்கார அம்மாள் அப்போது முணுமுணுத்ததும் நம் காதில் விழுந்தது. நாம் இருவருக்கும் பதில் சொல்லாமல், பதினொன்றில் பத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, நமக்கென்று எழுதியிருந்த ஒன்றைத் தோரணத்தில் மாட்டினோம்.

விழா முடிந்த மறுநாள், டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கடலோரத்தில் ஓர் உரத்தொழிற்சாலைக்குச் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நம் பங்கு இல்லத்திலும் விடியும் வரை தரை கொள்ளாத கூட்டம். ஈரத்துணியால் முகத்தை மூடியபடி தோரணத்தின் கீழே படுத்திருந்த சிறுமி ஒருத்தி, மேலே விரலை நீட்டி, தன் தம்பிக்கு எது தன் அட்டை என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அட்டை இப்போது நம் திருப்புகழ்மாலை நூலில், டிசம்பர் 28ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகள் விழாவுக்குரிய பக்கத்தில் இருக்கிறது. இலையின் பச்சைப் பாதி பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. கறுத்த பாதி அன்று இருந்தபடியே இருக்கிறது.